எல்லோருக்கும் அத்தை

காலை ஜெபத்துக்கு மணி அடிக்கும் முன்னரே கொழுந்தனார் வந்து நிற்கிறார் என்றால், அன்றைக்கு இல்லத்தில் யாரோ ஒருத்தி அழப்போகிறாள் என்று அர்த்தம். பிள்ளைகளுக்கு இது மனப்பாடம். வாசலில் அவருடைய ஷூ சத்தம் கேட்டதுமே, ரொட்டிக்கு வரிசையில் நின்றவர்கள் பேச்சை அப்படியே விழுங்கிவிட்டார்கள்.

அத்தை அப்போது பால் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாள்.

“ஸ்தோத்திரம் அண்ணி. புதுசு ரெடியா?”

“குளிக்கப் போயிருக்கா.”

“குளிச்சாளா, தின்னாளான்னா கேட்டேன்? சாட்சி ரெடியான்னு கேட்டேன். நேத்து பூரா உக்கார வெச்சு சொல்லிக் குடுத்தேன். ஒவ்வொரு தடவையும் அதே எடத்துல வந்து நின்னுடறா!”

“அந்த எடத்துக்கு மேல சொல்ல அவளால முடியல...”

“நிக்க வேண்டாம்னு நான் சொல்லலையே அண்ணி! நிக்கணும். நின்னு, கொஞ்சம் தொண்டை அடைச்சு, அப்புறம் மேல சொல்லணும். இவ ஒரேடியால்ல நின்னுடறா!”

அவர் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. தினமும் முழங்கால் தேய ஜெபம் செய்கிறவர்தான். ஆனால் ஒரு பிள்ளையின் கண்ணீரைப் பார்த்ததும் அதை எந்த நிகழ்ச்சியில் எத்தனையாவதாக வைக்கலாம் என்றுதான் அவருக்கு முதலில் தோன்றும். என்ன செய்வது, சிலருக்கு அப்படி ஒரு சுபாவம்.

வீட்டில் இருக்க முடியாமல் ஓடி வந்த பெண்களும், விரட்டப்பட்ட பெண்களும் தங்கிப் படிக்கும் கிறிஸ்தவ இல்லம் அது. புதிதாக வருகிறவளுக்கு, அடுத்தவள் வந்து சேரும்வரை ‘புதுசு’ என்றுதான் பெயர். உபகாரம் செய்கிறவர்கள் வெளியூரிலிருந்து பார்க்க வரும் நாட்களில் பிள்ளைகளில் ஒருத்தி மேடை ஏறி, தான் பட்டதையெல்லாம் சொல்லி, கடைசியில் கர்த்தர் இந்த இல்லத்தின் மூலமாகத் தன்னைக் கைதூக்கி விட்டார் என்று முடிக்க வேண்டும். அதற்குப் பெயர் சாட்சி. அன்றைக்குப் பெரிய நாள். பின்பக்கம் கட்டி முடித்த புது விடுதிக்குத் திறப்பு விழா. காலமாகிவிட்ட போதகரின் பெயரை அதன் நெற்றியில் பொறித்திருந்தார்கள். போதகர் கொழுந்தனாரின் அண்ணன். அத்தையின் புருஷன்.

“கேட்டுக்குங்க அண்ணி. கமிட்டி இளசா, படிச்ச பொண்ணா ஒரு வார்டன் பாத்து வெச்சிருக்கு. அண்ணன் முகத்துக்காகத்தான் நான் தள்ளிப் போட்டுட்டே வர்றேன். இன்னிக்கு மேடையில ஒரு பொண்ணு பேசலன்னா, சாவிக்கொத்த மேசைல வெச்சிட்டுக் கிளம்பவேண்டியதுதான். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க.”

“நான் எங்க போவேன்...”

“அதான் மகாராணி வர்றாங்களே, உங்க மக! காலை பஸ்ல. அப்பா பேர்ல கட்டடம்னதும் வர்றேன்னு சொல்லிட்டா. உங்களப் பாக்க வர்றேன்னு சொல்லல. அத நான் மறைக்க விரும்பல.”

பாத்திரத்தின் சூடு விரலில் ஏறியது. அத்தை கையை எடுக்கவில்லை.

அவள் உண்மையில் யாருக்கும் அத்தை இல்லை. போதகர் தன் அப்பா விட்டுப்போன பெரிய வீட்டை இல்லமாக்கி முதல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தபோது, அவர்களுடைய ஒரே மகளுக்கு ஐந்து வயது. பிள்ளைகள் வந்த அன்றே மகள் ஓடிவந்து “அம்மா... பசிக்குது!” என்று காலைக் கட்டிக்கொண்டாள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு, வந்த பிள்ளைகளில் ஒருத்தி தட்டைத் தள்ளிவிட்டு அழ ஆரம்பித்தாள். அதைப் பார்த்து அடுத்தவள். அன்றைக்கு யாருமே சாப்பிடவில்லை.

போதகர் அன்று மாலையே சட்டம் போட்டுவிட்டார். இந்த வீட்டில் இனிமேல் அம்மா என்ற பேச்சே கிடையாது. எல்லோருக்கும் அவள் அத்தை. “எல்லாருக்கும்னா எல்லாருக்கும்தான், கண்ணு” என்று மகளின் தலையைத் தடவினார். சின்னப் பிள்ளை அதை விளையாட்டு என்று நினைத்துக்கொண்டாள். நடுநடுவே மறந்துபோய் “அம்மா” என்பாள். மறந்தால் ரொட்டி வரிசையின் கடைசிக்குப் போய் நிற்க வேண்டும். படுக்கையும் கூடத்தில் மற்ற பிள்ளைகளோடுதான். யாரோ போட்டுக் கழித்த கவுன்தான் அவளுக்கும். கொஞ்ச நாளில் அவள் மறப்பதை நிறுத்திவிட்டாள். பெற்றவளோ ஒவ்வொரு முறை “அத்தை” என்று கேட்கும்போதும், ஊழியக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டாயிற்று, இதுவும் ஊழியம்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். வாய்விட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லையே, பாவி!

மகள் வந்தபோது அத்தை வாசலில் தோரணம் கட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மகளின் கண்ணுக்குக் கீழே கருவளையம். தோளில் ஒரே ஒரு பை. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் வேலை அவளுக்கு. நின்று நின்று கால் வீங்கும் வேலை என்று யாரோ சொல்லிக் கேள்விப்பட்டதோடு சரி. எத்தனையோ வருஷம் கழித்துப் பார்க்கிறாள். ஏணியை விட்டுவிட்டு ஓடவும் முடியவில்லை.

“வாம்மா... சாப்பிட்டியா?”

“சௌக்கியமா இருக்கீங்களா, அத்தை?”

அந்த ‘அத்தை’யை அவள் அழுத்திச் சொன்னாள். வேண்டுமென்றுதான் சொன்னாள்.

“பால் சூடா இருக்கு. ஒரு வாய்...”

“வேண்டாம். வரிசை முடிஞ்சிருக்குமே. நான் எங்க போய் நிக்க?”

தோரணம் கட்டிய பெண்களில் ஒருத்தி விவரம் புரியாமல் சிரித்தாள். அத்தையும் சிரிப்பது போல ஒன்று செய்தாள். மகள் அதற்குள் உள்ளே போய், அப்பாவின் படத்துக்கு முன்னால் கண்ணை மூடி நின்றாள். அவளுக்கு அப்பா என்றால் உயிர். அவர் குரல் உயர்த்திப் பேசியதே கிடையாது. கண்டிப்பு எல்லாம் அத்தை, அன்பு எல்லாம் அப்பா என்றுதான் அவள் வளர்ந்தாள். அப்படி அவள் வளரும்படி பார்த்துக்கொண்டதும் அத்தைதான்.

அவள் வீட்டை விட்டுப் போன கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

இல்லம் தொடங்கிச் சில வருஷத்தில் முதல் தடவையாகப் பெரிய உபகாரிகள் பார்க்க வந்தார்கள். அப்போது இல்லத்தில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். வந்து சேர்ந்த நாள் முதல் வாய் திறந்து ஒரு சொல் பேசாததால் மற்ற பிள்ளைகள் அவளுக்கு ‘மூடி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். குடிகார அப்பன் அவளை ஒரு வீட்டுக்கு வேலைக்கு விற்றிருந்தான். அந்த வீட்டில் என்ன நடந்தது என்று கூட்டி வந்தவர்கள் சொன்னதை அத்தை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அன்று மேடையில் அந்தக் கதையைத் தன் கதையாகச் சொன்னது மூடி அல்ல. ஒன்பது வயதான மகள். கணீரென்று சொன்னாள். “அந்த வீட்டுல...” என்று ஆரம்பித்து, சொல்லிக் கொடுத்தபடியே நிறுத்தி, தலை குனிந்தாள். கூடமே விம்மியது. அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் ‘அந்தப் பொண்ணு எங்கே?’ என்றுதான் கேட்டார்கள். வருஷா வருஷம் அவளேதான் ஏறினாள். அவள்தான் அத்தை என்று கூப்பிடுகிறாளே, யாருக்குச் சந்தேகம் வரும்?

பெரியவளானதும் அவளைப் பெண் கேட்டு ஒரு நல்ல குடும்பம் வந்தது. பையன் தங்கமான பையன். பையனுடைய பெரியம்மா மட்டும் டீயை உறிஞ்சியபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், சட்டென்று கோப்பையைக் கீழே வைத்தார். “இது... சாட்சி சொன்ன பொண்ணுல்ல?” போதகர் பதறிப்போய், அது வேறொரு பிள்ளையின் கதை, இவள் என் சொந்த மகள் என்றார். அந்த அம்மாள் அமைதியாகக் கேட்டார். “அப்போ சொன்னது பொய்யா, இப்போ சொல்றது பொய்யா ஐயா?” வந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

மகள் அன்றைக்கு நடுக்கூடத்தில் நின்று கேட்டாள். “யாரு என்னை மேடை ஏத்தினது? இன்னொருத்தி அசிங்கத்த எதுக்கு என் மேல பூசினீங்க?” போதகர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஏற்கெனவே ஒரு முறை அடைப்பு வந்த நெஞ்சு. அவர் நிமிர்ந்து மனைவியை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான். “நான்தான்” என்றாள் அத்தை. மகள் அன்றே பையை எடுத்துக்கொண்டு போனவள்தான். அப்பாவை அடக்கம் செய்தபோது வந்து, அம்மா நின்ற பக்கம்கூடத் திரும்பாமல் போனாள்.

இப்போது தையல் அறைப் பக்கம் கூச்சல் கேட்டது.

அத்தை ஓடிப்போய்ப் பார்த்தால், புதுசு துணி வெட்டும் மேசைக்கு அடியில் புகுந்துகொண்டு முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஈரத் தலை. விழாவுக்குத் தைத்த வெள்ளைக் கவுன் பக்கத்தில் சுருண்டு கிடந்தது. தையல் டீச்சர் மேசைக்கு முன்னால் காலை அகட்டி நின்றிருந்தாள். அந்தத் தையல் டீச்சர்தான் பழைய மூடி. வளர்ந்தாள், தையல் படித்தாள், இங்கேயே தங்கிவிட்டாள். இப்போது பேசுவாள். ஆனாலும் ஒரு சொல்லால் முடிகிற விஷயத்துக்கு இரண்டாவது சொல்லைச் செலவழிக்க மாட்டாள்.

“வெளிய வாடி!” கொழுந்தனார் குனிந்து கத்திக்கொண்டிருந்தார். “தின்ன சோத்துக்கு நன்றி வேண்டாமா?”

அத்தைக்கு எங்கிருந்துதான் அந்தப் பலம் வந்ததோ! அவருக்கும் மேசைக்கும் நடுவில் போய் நின்றாள்.

“இந்தப் பொண்ணு பேச மாட்டா.”

“என்ன அண்ணி?”

“பேச மாட்டான்னு சொல்றேன். சாவிக்கொத்து வேணும்னா இப்பவே எடுத்துக்குங்க. சின்னஞ்சிறுசு... இப்பத்தான் பயமில்லாம தூங்க ஆரம்பிச்சிருக்கா. அத நாலு பேருக்கு முன்னால கிளறி விடாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!”

வாசலில் யாரோ கை தட்டினார்கள். மெதுவாக, நிறுத்தி நிறுத்தி. மகள்.

“நல்லா இருக்கு அத்தை. ரொம்ப நல்லா இருக்கு. ஊரார் பெத்ததுன்னா ஒங்களுக்கு எப்படி எல்லாம் துடிக்குது!”

“அம்மாடி, இப்ப வேண்டாம்...”

“எப்ப வேணும்? எனக்கு ஒன்பது வயசு! இதே மாதிரி வெள்ளைக் கவுன்! அன்னிக்கு இப்படிக் குறுக்க வந்து நின்னீங்களா? எந்தப் பாவமும் அறியாத என்னைத் தூக்கி மேடைல நிறுத்தினீங்களே, நான் என்ன உங்களுக்குப் பிறக்கலையா? அப்பா பாவம், அவரால தடுக்க முடியல. ‘இது அத்தையோட முடிவு கண்ணு, அத்தை சொன்னா கேக்கணும்’னு என் தலையத் தடவிட்டுப் போனாரு. இன்னும் அந்தக் கை என் தலைல இருக்கு!”

செத்துப்போன மனுஷன். நெற்றியில் அவர் பெயரைப் பொறித்த கட்டடத்தை இன்னும் கொஞ்ச நேரத்தில் திறக்கப்போகிறார்கள். இந்தப் பெண்ணுக்கு உலகத்தில் மிச்சம் இருப்பது அந்த அப்பா ஒருவர்தான். அதையும் பிடுங்கிவிட்டு இவள் கையில் எதைக் கொடுப்பது? இத்தனை வருஷம் தாங்கியது இன்னும் கொஞ்ச நாள் தாங்காதா என்று அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

“பொய்” என்றாள் தையல் டீச்சர்.

எல்லோரும் திரும்பினார்கள்.

“நீ பேசாத” என்று அத்தை பதறினாள். “உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன், பேசாத!”

“பேசாமயே இருந்தாச்சு அத்தை. என்னாலதான் எல்லாம்.” அவள் கையிலிருந்த கத்திரிக்கோலை மேசைமேல் வைத்தாள். மகளைப் பார்த்துச் சொன்னாள். “அன்னிக்கு நான் அங்கதான் இருந்தேன். ஐயாவோட ரூம்ல. என்னைப் பேச வைக்கப் பாத்தாரு. எனக்குப் பயத்துல கவுனு நனைஞ்சு போச்சு. அத்தை அவர் காலப் புடிச்சாங்க. அவர் கத்தல. அமைதியாத்தான் சொன்னாரு. இவ பேசணும், இல்லன்னா இவளுக்குப் பதிலா நம்ம பொண்ணு பேசணும். மத்ததுங்க கூட்டத்தப் பாத்தா அழுதுரும். யாரும் பேசலன்னா இல்லத்த மூடிட்டு எல்லாத்தையும் வந்த எடத்துக்கே அனுப்பணும். யாரு பேசணும்னு நீயே சொல்லு. நான் கட்டாயப்படுத்தலன்னாரு.”

கொழுந்தனார் தொண்டையைச் செருமினார். அண்ணன் பெயருக்கு ஏதோ வரப்போகிறது என்று தெரிந்ததும், வாசலில் ஆளுங்க வந்துட்டாங்க போல என்று முனகிக்கொண்டு வெளியே போனார்.

“வந்த எடம்னா எனக்கு அந்த வீடு” என்றாள் தையல் டீச்சர். “அத்தை என்னை, நனைஞ்ச கவுனோட, தூக்கி இடுப்புல வெச்சிக்கிட்டாங்க. ‘என் பொண்ணு பேசட்டும்’னாங்க. சொல்லிட்டு என் கழுத்துல முகத்த வெச்சு அழுதாங்க.”

மகள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் அப்பா உடைந்து விழுவதை அத்தை கண்ணால் பார்த்தாள். இதற்குப் பயந்துதானே இத்தனை காலம்!

“அப்போ... அப்பாதான்” என்றாள் மகள். பிறகு மெல்லத் தலையை ஆட்டினாள். “இல்ல. அவரு கேட்டாரு. தேர்ந்தெடுத்தது நீங்க.”

“ஆமா” என்றாள் அத்தை.

“என்னை.”

“ஆமாம்மா. அவளுக்கு எல்லாமே போயிருந்துச்சு. இன்னொரு தடவ அத வாயால சொன்னா அந்தப் புள்ள செத்தே போயிருக்கும். உனக்கு அது வெறும் பாடம். மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சிட்டு மறந்துருவேன்னு நெனச்சேன்... உனக்கு நான் இருக்கேன், நீ தாங்கிப்பேன்னு நெனச்சேன்...”

“நீங்க எங்க இருந்தீங்க?” என்றாள் மகள். “நீங்க எனக்கும் அத்தைதானே! அன்னிக்கு மேடைல இருந்து எறங்கி உங்ககிட்ட ஓடி வந்து, அத்தை நான் நல்லா சொன்னேனான்னு கேட்டேன். ஞாபகம் இருக்கா? நல்லா சொன்னேன்னு சொன்னீங்க! அம்மாவா இருந்தா அப்படிச் சொல்லியிருப்பீங்களா?”

அத்தைக்கு ஞாபகம் இருந்தது. அந்தக் கேள்வியையும் பதிலையும் மறந்த நாள் ஒன்றுகூட இல்லை.

மேசைக்கு அடியில் புதுசு விசும்பினாள். மகள் குனிந்து அவளைப் பார்த்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

கூடம் நிரம்பி வழிந்தது. முன் வரிசையில் மெத்தை வைத்த நாற்காலிகள், அவற்றில் வெளியூர் உபகாரிகள். பாட்டு முடிந்தது, ஜெபம் முடிந்தது. கொழுந்தனார் வேர்வையைத் துடைத்தபடி, போதகரின் அருமை மகள் இப்போது நம்மோடு சில வார்த்தைகள் பகிர்ந்துகொள்வார் என்றார். அத்தை பக்கவாட்டுக் கதவருகில் டீ தட்டோடு நின்றிருந்தாள். இந்த விழாக்களில் எப்போதும் அவளுடைய இடம் அதுதான்.

மகள் மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினாள்.

“ஸ்தோத்திரம். நான் ஒரு சாட்சி சொல்லப்போறேன். எங்கப்பா பெரிய குடிகாரரு. எங்கம்மா நான் கைக்குழந்தையா இருக்கும்போதே செத்துட்டாங்க. அப்பா என்னை ஒரு வீட்டுக்கு வேலைக்கு வித்துட்டாரு. அந்த வீட்டுல...”

நிறுத்தினாள். தலை குனிந்தாள். முன் வரிசையில் கைக்குட்டைகள் வெளியே வந்தன. ஒரு வயதான அம்மாள் மூக்கை உறிஞ்சினார்.

மகள் நிமிர்ந்தாள்.

“இந்த எடத்துல நிறுத்தணும்னு சொல்லிக் குடுத்திருக்காங்க. மனசுக்குள்ள அஞ்சு எண்ணணும். அதுக்குள்ள நீங்க கைக்குட்டைய எடுத்துருவீங்க. இப்பவும் எடுத்துட்டீங்க.”

முன் வரிசையில் ஒருவர் கைக்குட்டையை மடிக்குள் மறைத்தார்.

“சின்ன வயசுல இருந்து இத இங்க நான் சொல்லியிருக்கேன். இது என் கதை இல்ல. யாரோடதுன்னும் சொல்ல மாட்டேன். எங்கப்பா குடிச்சதே இல்ல. அவர் பேரத்தான் பின்னாடி கட்டடத்துல எழுதியிருக்கீங்க. எங்கம்மா சாகவும் இல்ல. அதோ... டீ தட்டோட கதவுகிட்ட நிக்கிறாங்க. அவங்க அவ்வளவு நாளும் அங்கதான் நின்னாங்க. நான் சொல்றத ஒவ்வொரு தடவையும் அங்க நின்னு கேட்டாங்க.”

எல்லாத் தலைகளும் கதவுப் பக்கம் திரும்பின. அத்தை தட்டைப் பக்கத்து ஜன்னல் திட்டில் வைத்தாள்.

“இன்னிக்கு ஒரு பொண்ணு பேசறதா இருந்துச்சு. அவ பேச மாட்டா. அவளுக்குப் பதிலா நான் பேசிட்டேன்.” மகள் லேசாகச் சிரித்தாள். “எனக்கு இது பழக்கம்தான்.”

மேடையை விட்டு இறங்கி, யாரையும் பார்க்காமல் நடந்து போய்விட்டாள். மூக்கை உறிஞ்சிய அம்மாள் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, தன் அழுகையைத் திருடிவிட்டார்கள் என்பது போல எழுந்து நின்றார். பின்னாலேயே நாற்காலிகள் இழுபட ஆரம்பித்தன. ரிப்பன் வெட்டுவதற்கு வைத்திருந்த கத்திரிக்கோல் தட்டிலேயே இருந்தது.

“நாசமாக்கிட்டீங்களே அண்ணி!” கொழுந்தனார் சமையலறை வரைக்கும் வந்து தலையில் அடித்துக்கொண்டார். “ஆத்தாளும் மகளுமாச் சேந்து அண்ணன் பேரச் சந்தி சிரிக்க வெச்சிட்டீங்களே! நாளைக்கு இந்தப் புள்ளைங்களுக்கு எவன் சோறு போடுவான்? நீங்க போடுவீங்களா?”

அந்தக் கேள்வி நியாயமானதுதான். அத்தை இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“புதுசுக்குக் காதுல சீழ் வருது. சொட்டு மருந்து அலமாரில மேல் தட்டுல இருக்கு. சாயங்காலப் பால் வாசல்ல இருந்தா எடுத்து வெக்கச் சொல்லுங்க, வெயில் பட்டா திரிஞ்சிரும்.”

“மாலை ஜெபத்துக்கு முன்னாடி கெளம்பிருங்க.”

“இப்பவே கெளம்பறேன்.”

தையல் டீச்சர் நிலைப்படியில் நின்றிருந்தாள். அவள் காலை ஒட்டிக்கொண்டு புதுசு. “நான் இருக்கேன் அத்தை” என்றாள் தையல் டீச்சர். கொழுந்தனாரைப் பார்த்து, அவர் காதில் விழும்படி இன்னும் சில சொற்களைச் செலவழித்தாள். “இனிமே எவளையாச்சும் ஏத்தணும்னா என்னைத் தாண்டி ஏத்தட்டும். யாராச்சும் கேட்டா அது என் கதைன்னு நானே சொல்லுவேன். நிறுத்தாம சொல்லுவேன்.”

அத்தை அவள் கன்னத்தைத் தொட்டாள். அன்றைக்கு நனைந்த கவுனோடு தூக்கிய அதே பிள்ளை. இவளையாவது காப்பாற்றினோமே என்று ஒரு நிமிஷம் தோன்றியது. மறு நிமிஷம், இவளுக்காகக் கொடுத்த விலை யாருடையது என்று நெஞ்சு கேட்டது. தன்னுடையதாக இருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்!

மகளைத் தேடினாள். காணவில்லை. பஸ்ஸைப் பிடித்துப் போயிருப்பாள், போகட்டும். மேடையில் நின்று எங்கம்மா என்று சொன்னாளே, அது போதும். மீதிக் காலத்துக்கு அதை வைத்து ஓட்டிவிடலாம். எங்கே ஓட்டுவது என்பதுதான் தெரியவில்லை. ஒரு பையில் இரண்டு மாற்றுத் துணியை வைத்துக்கொண்டு வெளி வாசலைத் தாண்டினாள்.

ஜன்னல்களில் பிள்ளைகள் மொய்த்தார்கள். “அத்தை! அத்தை போகாதீங்க! அத்தை!” என்று ஒவ்வொருத்தியாகக் கத்தினார்கள். ஒவ்வொரு குரலுக்கும் அத்தை நின்று திரும்பி, கையை அசைத்துவிட்டு நடந்தாள். அப்படியே தெரு முனைக்கு வந்துவிட்டாள். பக்கத்துப் பள்ளிக்கூடம் விட்ட நேரம். தெரு முழுக்கத் தாய்மார்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு போனார்கள்.

“அம்மா!” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

அத்தை நடந்தாள்.

“அம்மா...! அம்மா!”

பாவம், யாரோ ஒரு பிள்ளை தொண்டை கிழியக் கூப்பிடுகிறது, பெற்றவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகிறாளே என்று நினைத்தாள். அதற்குள் பஸ் நிறுத்தம் வந்துவிட்டது.

“அத்தை!”

சட்டென்று திரும்பினாள்.

மகள் நின்றிருந்தாள். மூச்சு இரைத்தது. புடவையெல்லாம் புதுக் கட்டடத்துச் சுண்ணாம்பு. யாருமில்லாத அந்த விடுதியில் போய் உட்கார்ந்து அழுதிருக்கிறாள்.

“அதுக்கு மட்டும்தான் திரும்புவீங்களா?” என்று கேட்டாள்.

அத்தைக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் பை கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. “நீயா...? என்னையா கூப்பிட்ட? ஐயோ... என்னைத்தான் கூப்பிட்டியா...? எனக்குத் தெரியலையே கண்ணு! வேற யாரையோன்னு நெனச்சேனே!”

நடுத்தெரு என்றும் பார்க்காமல் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். போதகர் இறந்தபோதுகூட அவள் இப்படி அழவில்லை. மகள் வந்து அவள் தோளைப் பிடித்தாள். பிடித்த கை இறுகியது. இருவரும் அப்படியே ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நின்றார்கள். போகிறவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

“நான் இன்னும் மன்னிக்கல” என்றாள் மகள், அம்மாவின் தோளில் முகத்தை வைத்தபடியே.

“தெரியும்மா.”

“மன்னிப்பேனான்னும் தெரியல.”

“சரி.”

“வீடு ரெண்டு ரூம்தான். நான் ராத்திரி டியூட்டிக்குப் போயிருவேன். தனியா இருக்கணும்.”

“இருப்பேன்.”

மகள் குனிந்து பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். தூரத்தில் பஸ் திரும்புவது தெரிந்தது. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூச்சத்தோடு கேட்டாள்.

“இன்னொரு தடவ கூப்பிடும்மா... இந்தத் தடவ திரும்பிடறேன்.”

மகள் வாயைத் திறந்தாள். வரவில்லை. மறுபடியும் முயன்றாள்.

“வர மாட்டேங்குது” என்றாள். “பழகணும்.”

“பழகிக்கலாம்” என்றாள் அம்மா. “நானும்தான் பழகணும்.”

பஸ் வந்து நின்றது. மகள் முதலில் ஏறி, கையை நீட்டினாள்.